ஒரே வகுப்பில் மூன்று த்ராம்ப்ளே: எல்லாரும் ஒரே குடும்பமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மொன்றியலில் வாழ்கிறோம். மகள் நாலாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய வகுப்பில் மூன்று பிள்ளைகளின் குடும்பப் பெயர் த்ராம்ப்ளே. ஆசிரியையும் த்ராம்ப்ளே. நாங்கள் மருந்து வாங்கும் கடைக்காரருக்கும் அதே பெயர். "அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை" என்கிறாள் மகள். என்னோடு வேலை செய்யும் ஒருவரோ, கியூபெக்கில் இருக்கிற த்ராம்ப்ளே எல்லாரும் ஒரே சோடியின் பிள்ளைகள் என்கிறார். எது சரி? இந்தப் பெயருக்கு என்ன பொருள்? பிரான்சில் அவ்வளவாகக் காணக் கிடைக்காத பெயர் இங்கே எப்படி இப்படிப் பெருகியது? வகுப்பில் வம்ச மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மகளின் குடும்பப் பெயர் என்று நாங்கள் பதிந்திருப்பது என் கணவரின் பெயர். கணவருக்கு இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். மூன்று தலைமுறையில் மூன்று பெயர். அவர்களுக்கு இருப்பதுபோல் ஒரே பெயர் எங்களுக்கு இல்லையே என்று பிள்ளை கவலைப்படுகிறாள். மரத்தில் நாங்கள் என்னத்தை எழுதுவது?

(ஒரு வாசகி, மொன்றியல்)

பதில்: உங்கள் சக ஊழியர் சொன்னது சரி. கியூபெக்கின் த்ராம்ப்ளேக்கள் ஏறக்குறைய எல்லாரும் பியேர் த்ராம்ப்ளே, ஓஸான் அஷோன் என்ற ஒரே தம்பதியின் வழி வந்தவர்கள். 1657 அக்டோபர் 2ஆம் தேதி கியூபெக் நகரில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. மகள் சொன்னதும் பிழை இல்லை. அந்த மூன்று பிள்ளைகளின் த்ராம்ப்ளே வழிகள் ஒன்றுசேரும் இடம் பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு அப்பால் இருக்கலாம். அத்தனை தொலைவில் யாரும் உறவு கொண்டாடுவதில்லை.

பெயரின் பொருள் எளிது. ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில் வளரும் ஒரு பாப்லர் வகை மரத்துக்குப் பிரெஞ்சில் த்ராம்ப்ள் என்று பெயர், ஆங்கிலத்தில் ஆஸ்பென். அதன் இலைக்காம்பு பக்கவாட்டில் தட்டையானது. ஆகையால் லேசான காற்றுக்கும் இலை நடுங்கும். நடுங்குவதைக் குறிக்கும் வினைதான் மரத்தின் பெயராயிற்று. அந்த மரங்கள் கூட்டமாக நின்ற இடம் த்ராம்ப்ளே. நம் நெல்லியடி, புளியங்குளம் போல மரத்தை வைத்து ஊருக்குப் பெயர். பிரான்சில் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. பாரிஸ் விமான நிலையத்துக்கு அருகே த்ராம்ப்ளே-ஆன்-ஃப்ரான்ஸ் என்று ஒரு நகரமே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கர்தினால் ரிஷ்லியூவின் வலக்கையாக இருந்த துறவி ஜோசப்பின் இயற்பெயரில்கூட 'தியூ த்ராம்ப்ளே' உண்டு. அவருக்கும் கியூபெக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. அப்படிப்பட்ட ஏதோ ஓர் ஊரில் இருந்து, அல்லது அந்த மரத்தோப்பின் ஓரத்தில் இருந்து வந்தவர் என்று மட்டுமே இந்தப் பெயர் சொல்கிறது. பெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கத் தொடங்கிய இடைக்காலத்தில் பிரான்சின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு குடும்பங்களுக்கு இது தனித்தனியாக வாய்த்திருக்கும். ஆகவே பிரான்சில் இரண்டு த்ராம்ப்ளேக்களைக் கண்டால் சொந்தம் என்று எண்ண வேண்டியதில்லை. கியூபெக்கில் எண்ணலாம். மொன்றியலுக்கு வடக்கே நீங்கள் பனிச்சறுக்குக்குப் போகும் மோன்-த்ராம்ப்ளான் மலைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலை நடுங்குவதாக அல்கோன்கின் மக்களிடையே நிலவிய நம்பிக்கையில் இருந்து வந்த பெயர் அது.

பியேர் 1626 வாக்கில் ராந்தொனே என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரிசுக்கு மேற்கே, நார்மண்டியின் விளிம்பில் பெர்ஷ் என்றொரு சின்னஞ்சிறு மாகாணம் இருந்தது. காடும் குன்றுமான அந்த நிலப்பகுதியில் இருந்து கனடாவுக்குப் போனவர்கள் சில நூறு பேரைத் தாண்டமாட்டார்கள். ஆனால் கியூபெக்கின் பெயர்ப் பட்டியலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பெர்ஷ் தெரியும். காரணம், அவர்கள் முந்திப் போனார்கள். ரொபேர் ஜிஃபார் என்ற மருத்துவர் 1634இல் கியூபெக் நகருக்குப் பக்கத்தில் போப்போர் என்ற நிலமானியத்தைப் பெற்றார். அதைத் திருத்தி விளைநிலமாக்கத் தன் ஊர்ப்பக்கத்துத் தச்சர்களையும் கொத்தர்களையும் உழவர்களையும் கூட்டிப் போனார். அவருக்குப் பின் அவருடைய ஊர்ப்பக்கத்தவரான ஜுஷெரோ சகோதரர்கள் தூரூவ்ர் என்ற சந்தையூரில் ஆள் சேர்த்தார்கள். அப்படி 1647இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்தான் பியேர். இத்தகைய ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு. அதனால் ஒப்பந்தக் கூலிகளை 'முப்பத்தாறு மாதத்துக்காரர்' என்றே அழைத்தார்கள். பலர் 36 மாதம் முடிந்ததும் கப்பலேறித் திரும்பிவிட்டார்கள். பியேர் தங்கினார்.

தங்கியவர் பத்து ஆண்டு மணமின்றி இருந்தார். அந்தக் குடியேற்றத்தில் பெண்கள் அவ்வளவு குறைவு. மன்னரின் செலவில் ஏறக்குறைய 800 பெண்கள் அனுப்பப்பட்டது 1663 முதல்தான். ஓஸான் அஷோன் அவர்களுக்கு முந்தியவர். லா ரொஷேல் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஷாம்பொன் என்ற ஊர்க்காரி. 1657இல் கடல் கடந்து வந்து, அந்த ஆண்டே மணமுடித்தார். அதுவரை ஒருவரையொருவர் அறியாத இருவர். பிறந்த ஊர்களும் பிரான்சின் வேறு வேறு பக்கத்தவை. லான்ஜ்-கார்தியேன் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் நிலம் திருத்தி வாழ்ந்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். 1680களின் கடைசியில் பியேர் இறந்தார். ஓஸான் 1707 வரை இருந்தார்.

இனி உங்கள் கேள்வியின் கனமான பகுதி: ஏன் இந்தப் பெயர்? பிரெஞ்சு ஆட்சி நடந்த ஒன்றரை நூற்றாண்டில் கியூபெக்கில் வந்து நிலைத்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். அவர்களுள் பியேர் ஒருவர். பணமோ பதவியோ இல்லாதவர். இன்று கியூபெக்கில் நூறு பேரை நிறுத்தினால் அதில் ஒருவர் த்ராம்ப்ளே. கான்யோன், ருவா, கோத்தே, பூஷார் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இங்கே ஓர் ஒப்பீடு மிக உதவும். அதே பெர்ஷ் மாகாணத்தில் இருந்து 1634இல் வந்த தச்சர் ஸக்காரி குளூத்தியே. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் 1966இல் தொடங்கிப் பழைய தேவாலயப் பதிவேடுகளை வரிவரியாகக் கோத்துப் பார்த்தது. 1800க்குள் திருமணம் செய்த வழித்தோன்றல்கள் யாருக்கு அதிகம் என்று அது எண்ணியபோது முதலிடம் குளூத்தியேவுக்கு: 10,850 பேர். அப்படியானால் கியூபெக்கில் முதலாவது பெயர் குளூத்தியே அல்லவா இருக்கவேண்டும்? இல்லை. வழித்தோன்றல் என்பது மகன் வழியும் மகள் வழியும் சேர்ந்த கணக்கு. பெயரோ மகன் வழியில் மட்டும் நடக்கும். மகள்கள் வழியாக எத்தனை ஆயிரம் பேர் பிறந்தாலும் அவர்கள் குளூத்தியே என்று எழுதப்படமாட்டார்கள். பியேருக்கும் ஓஸானுக்கும் வாய்த்தது நான்கு மகன்கள். பியேர், மிஷேல், ஜாக், லூயி நால்வரும் உயிர் தப்பி வளர்ந்து, மணந்து, தாங்களும் மகன்களைப் பெற்றார்கள். குழந்தை மரணம் அத்தனை மலிந்திருந்த காலத்தில் இது எளிதில் வாய்க்கும் காரியம் அல்ல. மகளை மட்டும் பெற்ற வீட்டிலும், மகன் இளமையில் இறந்த வீட்டிலும் பெயர் அங்கேயே நின்றுபோயிற்று.

குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை 1845இலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் பியெனெமே எடுத்துக்கொண்டார். 1870களில் இங்கிலாந்தில் கால்ட்டனும் வாட்சனும் அதையே மறுபடி கேட்டார்கள். இந்தக் கணக்கின் சாரம் இது: மக்கள்தொகை பெருகாத ஊரில், ஆண்வழியில் மட்டும் இறங்கும் ஒவ்வொரு பெயரும் காலப்போக்கில் மறையும். பெருகும் ஊரிலோ முதல் இரண்டு மூன்று தலைமுறையைத் தாண்டிவிட்ட பெயர் ஏறக்குறைய உறுதியாக நிலைக்கும். பெயரின் விதி அதன் தொடக்கத்திலேயே தீர்மானமாகிறது. த்ராம்ப்ளேக்கள் அந்த ஆபத்தான தொடக்கத்தை நான்கு மகன்களோடு கடந்தார்கள்.

அதற்கு மேல் நிலம் உதவியது. எனக்கு இதுதான் இந்தக் கதையின் உயிர்ப்பகுதி. மூத்த மகன் பியேர் ஆற்றின் போக்கில் வடகிழக்கே போய், லேசெபூல்மோன் என்ற நிலமானியத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனதாக்கிக்கொண்டார். இன்று ஷார்லவுவா என்று அழைக்கப்படும் மலைப்பகுதி அது. ஒரு புறம் செங்குத்தான மலை, மறுபுறம் கடலாய் விரிந்த சேன்-லோரான் ஆறு. வெளியில் இருந்து வந்து சேர்ந்தவர்கள் குறைவு. உள்ளே பிறந்தவர்கள் ஏராளம். நூறு ஆண்டில் அந்த ஒடுங்கிய நிலம் போதாமல் போயிற்று. வடக்கே சாகெனே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடம் இருந்தது. ஆனால் அது ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் தோல் வணிகக் குத்தகையில் கிடந்தது. உழவர் அங்கே குடியேறக் கூடாது. எனவே மரம் வெட்டும் உரிமம் என்ற பெயரில் நுழைந்தார்கள். லா-மல்பே ஊரில் 21 பேர் பங்கு போட்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். மர வணிகர் வில்லியம் பிரைஸின் பணம் பின்னால் நின்றது. 1838இல் பாய்க்கப்பலில் போய் கிராந்த்-பேயில் இறங்கினார்கள். சங்கத்தை நடத்திய தலைவர் அலெக்சி த்ராம்ப்ளே. 1842இல் குடியேற்றத் தடை நீங்கியது. காடு இருந்த இடத்தில் வயலும் ஆலையும் பின்னர் நகரங்களும் எழுந்தன. இன்று கியூபெக்கிலேயே த்ராம்ப்ளேக்கள் மிக நெருக்கமாக வாழ்வது ஷார்லவுவாவிலும் சாகெனே - லாக்-சேன்-ஜான் பகுதியிலும்தான்.

இப்படி எல்லையில் போய் நிலம் பிடித்தவர்களுக்குப் பிள்ளைகள் கூடுதலா என்று ஆய்வாளர்கள் இதே மக்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த முடிவு: குடியேற்றம் முன்னேறிய விளிம்பில் வாழ்ந்த பெண்களுக்கு, உள்ளே பழைய ஊர்களில் தங்கியவர்களைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அதிகப் பிள்ளைகள். விளிம்பில் நிலம் கிடைக்கும். நிலம் கிடைத்தால் பெண்களுக்கு இளவயதிலேயே திருமணம் நடக்கும். முதலில் போனவர்களின் பெயர் அப்படித்தான் ஒரு வட்டாரத்தையே நிறைத்தது. பெயர் பெருகியதற்குக் காரணம் குருதியின் சிறப்பு என்று பெருமை பேசுவோரை நான் சந்தித்ததுண்டு. அது உண்மை அல்ல. காலத்தோடு போய்ச் சேர்ந்ததும், நான்கு மகன்கள் பிழைத்ததும், வெற்றுநிலம் காத்திருந்ததுமே காரணம். அந்த நிலமும் உண்மையில் வெற்றாக இல்லை. இன்னு மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த காடு அது. குடியேற்றக் கதையைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிடுவது நியாயம் ஆகாது.

உங்கள் மகளின் கவலைக்கும் இந்த இடத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் த்ராம்ப்ளே என்றால் அந்தப் பெயரை வைத்து யாரை அடையாளம் காண்பது? ஆகவே கிளைகளுக்குப் பட்டப்பெயர் முளைத்தது. சாகெனே சங்கத் தலைவர் ஆவணங்களில் 'பிகொத்தே எனப்படும் அலெக்சி த்ராம்ப்ளே' என்றே வருகிறார். பிகொத்தே என்றால் முகத்தில் அம்மைத் தழும்பு உள்ளவர். பேச்சு வழக்கிலோ இன்னும் எளிய வழி: தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் அடுக்கி, 'பியேருடைய ஜோசப்புடைய அலெக்சி' என்பார்கள். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடப்பதும் இதே முறைதான். அங்கேயும் குடும்பப் பெயர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்க, ஊர் வாழ்க்கையை நடத்தியது தகப்பன் பெயர்.

ஒரு கிளை தெற்கேயும் போயிற்று. 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவின் நெசவாலை நகரங்களுக்கும் மர ஆலைகளுக்கும் வேலை தேடிப் போனார்கள். அங்கே எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். டிராம்ப்ளி, டிரெம்ப்ளி என்று இன்று அமெரிக்காவில் காணப்படும் பெயர்களில் பல ராந்தொனே ஊர் பியேரிடம் போய்ச் சேரும்.

இந்தப் பெயர்ப் பெருக்கத்துக்கு மருத்துவப் பக்கம் ஒன்றும் உண்டு. குறைந்த எண்ணிக்கையிலான மூதாதையரிடம் இருந்து ஒரு வட்டாரம் முழுவதும் பெருகும்போது, அவர்களில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணுப் பிழையும் பெருகும். சாகெனே பகுதியில் டைரோசினீமியா என்ற கல்லீரல் நோய்க்கும், ஷார்லவுவா - சாகெனே பெயரையே தாங்கிய ஒரு நரம்பு நோய்க்கும் காரணமான மரபணுவை ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் சுமக்கிறார். சுமப்பவருக்கு நோய் இல்லை. தாய் தந்தை இருவரும் சுமந்தால் மட்டுமே பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணந்ததால் வந்த நோய் என்று சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. காரணம் தொடக்கத்தின் சிறுமைதான். 1970 முதல் பிறந்த குழந்தைகளுக்கு டைரோசினீமியா பரிசோதனை நடக்கிறது. 2010 முதல் நான்கு பரம்பரை நோய்களுக்கு, மணமக்கள் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளும் வசதியும் அங்கே வந்தது. பெயர் த்ராம்ப்ளே என்பதால் மட்டும் யாரும் அஞ்சவேண்டியதில்லை. ஊர் எது, பாட்டன் பாட்டி எந்த ஊர் என்பதுதான் மருத்துவர் கேட்கும் கேள்வி.

அந்த ஆய்வுகள் நடந்ததே பதிவேடுகளால்தான். 1640இல் கியூபெக் தேவாலயம் தீப்பிடித்துப் பழைய ஏடுகள் எரிந்தபோது, பாதிரியார்கள் ஊர்மக்களின் நினைவில் இருந்து அவற்றைத் திரும்ப எழுதினார்கள். 1667இல் பிரெஞ்சு அரசு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் இரண்டு படிகளில் எழுதவேண்டும் என்றது. ஒன்று தேவாலயத்தில், ஒன்று நீதிமன்றத்தில். ஆட்சி பிரிட்டிஷாரிடம் மாறிய பிறகும் பழக்கம் நிற்கவில்லை. 1972இல் ஷிகூத்திமியில் வரலாற்றாசிரியர் ஜெரார் பூஷார் இந்த ஏடுகளைக் கணினியில் கோக்கத் தொடங்கினார். ஒரு சமூகம் முழுவதற்கும் நூற்றாண்டுகள் தாண்டிய வம்ச மரம் இப்படிக் கிடைப்பது உலகில் அரிது.

அந்த ஏடுகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. மணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதினார்கள். அதனால்தான் அவர் இன்றும் நமக்கு ஓஸான் அஷோனாகவே தெரிகிறார். பிற்காலத்தில் கணவன் பெயரை மனைவி சூடும் பழக்கம் பரவியது. 1981 ஏப்ரல் 2 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், திருமணத்துக்குப் பிறகும் ஒவ்வொருவரும் பிறந்த பெயரையே வைத்திருக்கவேண்டும் என்று திருத்தியது. பிள்ளைக்குத் தாயின் பெயரும் சூட்டலாம்; இருவர் பெயரையும் சேர்த்தும் சூட்டலாம்.

இப்போது வம்ச மரம். பத்துத் தலைமுறை மேலே ஏறினால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. குடும்பப் பெயர் அவற்றில் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டும். மீதி 1,023 இடங்களும் அந்தப் பெயருக்குள் வராதவை. மகளின் வகுப்பில் கான்யோன் என்றோ குளூத்தியே என்றோ பெயருள்ள ஒரு பிள்ளைக்கும், அம்மாவின் அம்மா வழியில் ஓஸானின் வாரிசாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எனவே ஒரே பெயர் இல்லை என்பதால் உங்கள் மரத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயர் என்பதால் மூன்று ஆண்களின் பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மகளைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை மறந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர், பிறந்த ஊர், தெரிந்தால் ஆண்டு என்று எழுதச் சொல்லுங்கள். அப்பா பக்கம் எத்தனை கட்டமோ அம்மா பக்கமும் அத்தனை கட்டம் இருக்கவேண்டும்.

ஊரில் உள்ள காணி உறுதிகள், பிறப்பு - விவாகப் பத்திரங்கள், கத்தோலிக்கக் குடும்பமானால் பங்கின் ஞானஸ்நான ஏடு, இவற்றில் பெண்களின் பெயர் நீங்கள் எண்ணுவதைவிட அதிகமாகக் கிடைக்கும். சீதனமாகக் காணி எழுதிய உறுதிகளில் தாய்வழிப் பெயர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். போரில் பல வீடுகளின் காகிதங்கள் அழிந்துவிட்டன. கியூபெக் பாதிரியார்கள் 1640இல் செய்ததுபோல நினைவில் இருந்து திரும்ப எழுதவேண்டிய நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். அந்த நினைவு எழுபது எண்பது வயதைத் தாண்டியவர்களிடம்தான் உண்டு. மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு இந்த வாரமே ஊருக்குத் தொலைபேசி எடுங்கள். உங்கள் அம்மம்மாவின் அம்மாவுடைய பெயர் என்ன, அவர் எந்த ஊர் என்று கேட்டு, சொல்லச் சொல்ல அவளையே எழுதவிடுங்கள்.